கேட்காமல் விட்ட கணக்கு

1990களின் தொடக்கத்தில் பிகார் சட்டமன்றம் கால்நடைப் பராமரிப்புத் துறைக்கு ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கி வாக்களித்தது. துறை செலவழித்ததோ அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஓராண்டு இப்படி நடந்திருந்தால் வறட்சி, வெள்ளம், மாட்டு நோய் என்று ஏதாவது காரணம் சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் இதே கதைதான். தீவன ஊழல் என்று பின்னால் நாடறிந்த விவகாரத்தில் பெரிதும் பேசப்பட்டவை போலி ரசீதுகளும், இல்லாத மாடுகளும், ஊர் பேர் தெரியாத சப்ளையர்களும். ஒதுக்கியது ஒன்று, செலவானது வேறு என்ற கணக்கு சட்டமன்றத்தின் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

அரசியலமைப்புச் சட்டம் இந்த இடத்தில் மிகத் தெளிவானது. 204ஆம் பிரிவின்படி, சட்டமன்றம் நிறைவேற்றும் நிதி ஒதுக்கச் சட்டத்தின் துணையில்லாமல் மாநிலத்தின் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க முடியாது. அதையும் மீறி ஒரு துறை கூடுதலாகச் செலவழித்துவிட்டால், 205ஆம் பிரிவின்படி அந்த மிகைச் செலவை அரசு மறுபடி சட்டமன்றத்தின் முன் வைத்து ஒப்புதல் கேட்க வேண்டும். கருவூலங்கள் மாதந்தோறும் கணக்கை மாநிலக் கணக்காயருக்கு அனுப்புகின்றன. அவர் தொகுக்கும் ஆண்டுக் கணக்கில் ஒவ்வொரு மானியக் கோரிக்கைக்கும் எதிரே ஒதுக்கீடு எவ்வளவு, செலவு எவ்வளவு என்பது அச்சாகி வருகிறது. அந்தப் புத்தகம் அவையில் வைக்கப்பட்டு, பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகிறது. இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்க்கத் தணிக்கைப் படிப்பு தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த எந்த உறுப்பினரும் "இது எப்படி?" என்று கேட்டிருக்கலாம்.

எச்சரிக்கை அதற்கும் முன்பே வந்துவிட்டது. 1985 பிப்ரவரியில் அன்றைய இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் டி.என். சதுர்வேதி, பிகார் முதல்வராக இருந்த சந்திரசேகர் சிங்குக்குக் கடிதம் எழுதினார். கருவூலக் கணக்குகள் மாதாமாதம் தாமதமாகி வருகின்றன, இது பணம் கையாடப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம் என்பது அதன் சாரம். அதற்குப் பிறகு பதினொரு ஆண்டுகள் ஓடின. 1996 ஜனவரியில் மேற்கு சிங்பூம் மாவட்டத் துணை ஆணையர் அமித் கரே, சாய்பாசாவிலிருந்த கால்நடைத் துறை அலுவலகத்தில் சோதனை நடத்தினார். அப்போதுதான் பொட்டலம் பிரிந்தது. மாடுகளையும் தீவனத்தையும் ஏற்றி வந்த லாரிகள் என்று காட்டிய பதிவெண்களில் சில ஸ்கூட்டர்களுடையவை. மொத்தமாகச் சுரண்டப்பட்டது சுமார் 950 கோடி ரூபாய் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பு. அன்றைய 950 கோடி, இன்றைய பணமதிப்பில் பல மடங்கு.

திருடியவர் குற்றவாளி என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை, நீதிமன்றங்கள் அதைப் பார்த்துக்கொள்ளும். பார்த்திருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்து பார்க்காமல் விட்டவரின் நிலை என்ன? அவர் ஒரு பைசாவும் தொடவில்லை. எந்தச் சட்டப்பிரிவின் கீழும் அவர் மேல் வழக்கு வராது. அவர் செய்தது வெறும் கவனக்குறைவா, அறத்தின் கண்ணில் தவறா?

அவர் பக்கத்து நியாயத்தை முதலில் கேட்க வேண்டும், ஏனென்றால் அது அற்பமானதல்ல. சட்டமன்ற உறுப்பினரின் வீட்டு வாசலில் காலை ஆறு மணிக்கு நிற்பவர்கள் நிதி ஒதுக்கக் கணக்கைப் பற்றிக் கேட்க வருவதில்லை. மருத்துவமனையில் படுக்கை, பிள்ளைக்குக் கல்லூரி இடம், முதியோர் உதவித்தொகை, ஊருக்கு ஒரு பாலம் என்றுதான் வருகிறார்கள். அவற்றைச் செய்தால் ஓட்டு கிடைக்கும், கணக்குப் புத்தகம் படித்தால் கிடைக்காது. நிதிநிலை அறிக்கையோடு சேர்ந்து வரும் மானியக் கோரிக்கைப் புத்தகங்களை ஒருவர் ஒழுங்காகப் படிக்க வேண்டுமானால் வாரக்கணக்கில் ஆகும், படித்துச் சொல்ல ஆய்வு உதவியாளர் என்று யாரும் அவருக்கு இல்லை. அண்மை ஆண்டுகளில் மாநிலச் சட்டமன்றங்கள் சராசரியாக ஆண்டுக்கு முப்பது நாள்கூடக் கூடுவதில்லை. அந்த நாள்களிலும் பல துறைகளின் கோரிக்கைகள் விவாதமே இல்லாமல் கடைசி நாளில் ஒட்டுமொத்தமாக வாக்கெடுப்புக்கு வருகின்றன. "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்று பேரவைத் தலைவர் கேட்டு முடிப்பதற்குள் பல்லாயிரம் கோடி நிறைவேறிவிடுகிறது.

இன்னொரு காரணம் இதைவிடக் கனமானது. சதுர்வேதி கடிதம் எழுதிய அதே 1985இல்தான் கட்சித் தாவல் தடைச் சட்டம் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணையாக வந்தது. விலைக்குப் போகும் உறுப்பினர்களைத் தடுக்க வந்த அந்தச் சட்டத்தில், கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும் என்ற விதியும் சேர்ந்தது. ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் ஒரு மானியக் கோரிக்கையை எதிர்த்துக் கை தூக்க வேண்டுமானால், பதவியே போகலாம் என்று தெரிந்தே தூக்க வேண்டும். அத்தனை தைரியத்தை எல்லோரிடமும் கடமையாகக் கேட்பது நியாயமா?

கேட்க வேண்டியதில்லை என்றே ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கொறடா கட்டுப்படுத்துவது வாக்கை மட்டும்தான். கேள்வி கேட்காதே என்று எந்தக் கொறடாவும் உத்தரவு போட முடியாது. பொதுக் கணக்குக் குழுவின் அறையில் கொறடாவும் இல்லை, அரசு கவிழும் என்ற பயமும் இல்லை. பணம் செலவாகி முடிந்த பிறகு, துறைச் செயலரை எதிரே உட்கார வைத்து, "மன்றம் கொடுத்தது இவ்வளவு, நீங்கள் செலவழித்தது இவ்வளவு, இடையில் உள்ளது எங்கிருந்து வந்தது?" என்று கேட்பதுதான் அங்கே வேலை. கட்சி விசுவாசத்தால் வாய் திறக்கவில்லை என்ற சமாதானம் அவையில் எடுபடலாம், அந்த அறைக்குள் எடுபடாது.

பிகாரில் அந்த அறையே கறைபட்டது என்பது இந்தக் கதையின் மிகக் கசப்பான பகுதி. 2013 செப்டம்பர் 30 அன்று, சாய்பாசா கருவூலத்தில் 37.7 கோடி ரூபாய் எடுத்த வழக்கில் ராஞ்சி சிபிஐ சிறப்பு நீதிமன்றம் முன்னாள் முதல்வர் லாலு பிரசாதைக் குற்றவாளி என்று அறிவித்தது. அதே தீர்ப்பில், சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராகவும் இருந்த முன்னாள் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ராவும், பொதுக் கணக்குக் குழுத் தலைவராக இருந்த ஜகதீஷ் சர்மாவும் தண்டிக்கப்பட்டனர். அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள், சட்டத்தின் கடைசிச் சொல்லை நீதிமன்றங்கள் சொல்லட்டும். ஆனால் செலவழிப்பவர், எதிர்த்துக் கேட்பவர், கணக்குப் பார்ப்பவர் என்று அரசியலமைப்பு மூன்று தனித்தனி நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தது. அந்த மூன்று நாற்காலிகளில் இருந்தவர்களின் பெயரும் ஒரே குற்றத் தீர்ப்பில் வந்தது என்றால், மற்ற உறுப்பினர்கள் அத்தனை ஆண்டுகளும் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? பிகார் சட்டமன்றத்தில் அப்போது 324 இடங்கள். சாய்பாசாவின் ரகசியம் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தெரிந்துகொள்ளும் வழி அத்தனை பேருக்கும் திறந்திருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

ஏறக்குறைய அதே நேரத்தில் ராஜஸ்தானில் வேறொன்று நடந்தது. 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா என்ற ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பினர் ஒரு பொது விசாரணை நடத்தினார்கள். பஞ்சாயத்து வேலைகளின் மஸ்டர் ரோல் என்ற கூலிப் பதிவேட்டையும் பில்களையும் எடுத்து வந்து ஊர் நடுவே உரக்க வாசித்தார்கள். கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் கூலிகள், பலருக்கு எழுத்து தெரியாது. தன் பெயரில் கூலி எழுதியிருப்பதைக் கேட்டவர் எழுந்து, அந்த வேலைக்கே தான் போகவில்லை என்றார். கட்டி முடித்ததாகக் கணக்கில் இருந்த கட்டடம் பாதியில் நிற்பதை ஊரே சொன்னது. 1996 ஏப்ரலில் பியாவரில் அதே அமைப்பினர் ஆவணங்களின் நகல் கேட்டு நாற்பது நாள் தர்ணா இருந்தார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் பாட்னா உயர் நீதிமன்றம் தீவன விவகாரத்தை சிபிஐயிடம் ஒப்படைத்திருந்தது. எழுத்து தெரியாதவர்கள் கணக்கைக் கேட்டு வெயிலில் உட்கார்ந்தார்கள். கணக்கு தானாகவே மேசைக்கு வந்து சேரும் வாய்ப்பைப் பெற்றவர்கள் அதைத் திறக்கவில்லை. பின்னால் 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உரம் போட்டது அந்த வெயில்தான்.

கணக்குக் கேட்பது சந்தேகப்படுவதாகும், சந்தேகம் நிர்வாகத்தை முடக்கும் என்ற வாதத்தை அதிகாரிகள் தரப்பில் அடிக்கடி கேட்கலாம். ஆனால் தமிழகக் கிராமங்களில் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி வசூலிப்பவர்கள் திருவிழா முடிந்ததும் ஊர்க்கூட்டம் போட்டு வரவு செலவை வாசிக்கிறார்கள். பந்தலுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு. நாட்டாமையை யாரும் திருடன் என்று நினைத்து அந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை. வாசிக்காமல் விட்டால்தான் பேச்சு கிளம்பும். கேள்வி நேர்மையானவருக்கும் பாதுகாப்பு என்பதை ஊர் எப்போதோ புரிந்துகொண்டது.

முடக்கம் என்ற வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. வழக்குக்குப் பயந்து கோப்பில் கையெழுத்துப் போடாமல் தள்ளிவிடும் அதிகாரிகள் உண்டு, அதனால் ஏழைகளுக்குப் போக வேண்டிய பணம் நிற்கிறது. ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது? இரண்டாம் ஆண்டிலேயே ஒரு குழு சாதாரணமாகக் கேட்டு, சாதாரணமாகப் பதில் வாங்கித் திருத்தியிருந்தால், பத்தாம் ஆண்டில் சிபிஐ வந்திருக்காது. சட்டமன்றம் உரிய நேரத்தில் பார்க்காத கணக்கை நீதிமன்றமும் காவல்துறையும் காலம் கடந்து பார்க்கின்றன. அப்போது தவறுக்கும் திருட்டுக்கும் வித்தியாசம் காண்பது கடினமாகி, கையெழுத்துப் போட்ட எல்லோரும் சேர்ந்தே மாட்டிக்கொள்கிறார்கள்.

பிகார் இதிலிருந்து பாடம் கற்றதா என்றால், ஆம் என்று சொல்ல முடியாது. கணக்கு வராத பழக்கம் போகவில்லை. அவசரச் செலவுக்கு விவரமில்லாமல் பணம் எடுக்கும் பட்டியலை அலுவலகங்களில் ஏசி பில் என்கிறார்கள், பின்னால் செலவு விவரத்தோடு தர வேண்டியது டிசி பில். பணம் எடுத்தார்கள், விவரம் வரவில்லை என்று 11,412 கோடி ரூபாயைப் பற்றிய புகார் 2010இல் பாட்னா உயர் நீதிமன்றம் வரை போனது. அந்த ஜூலையில் சட்டமன்றத்தில் நாற்காலிகள் பறந்தன, வளாகத்தில் பூந்தொட்டிகள் உடைந்தன, எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கூட்டமாக இடைநீக்கம் செய்யப்பட்டனர். தொலைக்காட்சிகள் அன்று முழுவதும் அதையே காட்டின. ஒரு ஏசி பில்லாவது அன்று யார் கையிலாவது இருந்து, எந்தத் துறை, எந்த மாவட்டம், எந்த அலுவலர் என்று ஒரே ஒரு கேள்வி கேட்கப்பட்டிருந்தால், அத்தனை கூச்சலைவிட அதுவே மக்களுக்குப் பயன்பட்டிருக்கும். கணக்குக் கேட்பதற்கும் கூச்சல் போடுவதற்கும் உள்ள தூரத்தை எதிர்க்கட்சிகளும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2025 ஜூலையில் அதே அவையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, 2024 மார்ச் 31 நிலவரப்படி 70,877 கோடி ரூபாய்க்குப் பயன்பாட்டுச் சான்றிதழ்கள் வரவில்லை என்றது. ஒதுக்கிய பணம் ஒதுக்கிய வேலைக்கே போனது என்று துறை எழுதித் தரும் சான்று அது. நிலுவையில் பெரும்பங்கு பஞ்சாயத்து ராஜ் துறைக்கு, 28,154 கோடி. அதற்கடுத்து கல்வித் துறை, 12,623 கோடி. மொத்தத்தில் 14,452 கோடி ரூபாய் 2016-17 வரையிலான காலத்தைச் சேர்ந்தது. இவற்றைத் தவிர, விவரம் வராத ஏசி பில்கள் 9,205 கோடி.

இதை உடனே 70,000 கோடி ஊழல் என்று சுவரொட்டி அடிப்பது அநியாயம். சான்றிதழ் வரவில்லை என்றால் பணம் களவு போனது என்று பொருள் ஆகாது. பள்ளிக்கூடம் கட்டப்பட்டிருக்கலாம், பிள்ளைகள் அதில் உட்கார்ந்து படித்துக்கொண்டும் இருக்கலாம், காகிதம் மட்டும் வராமல் இருந்திருக்கலாம். ஒரே எழுத்தரை வைத்துக்கொண்டு பல திட்டங்களின் கணக்கை எழுதும் பஞ்சாயத்துகளின் நிலையும் தெரிந்ததுதான். நிதியாண்டின் கடைசி வாரத்தில் வந்து விழும் பணத்துக்கு அதே ஆண்டில் சான்று கேட்பதும் நடைமுறையில் கடினம். ஆனாலும், கட்டியிருக்கலாம் என்ற ஊகத்தின் மேல் அரசாங்கம் நிற்க முடியாது. பணம் போன இடம் தெரியவில்லை என்பதே தணிக்கையாளர் சொல்வது. தெரியாமலே ஏழெட்டு ஆண்டு இருக்க விட்டது, அதே காலத்தில் ஆண்டுதோறும் புதிய ஒதுக்கீட்டுக்கு "ஆம்" சொல்லிக்கொண்டிருந்த அவை. பழைய பணம் எங்கே என்று கேட்காமல் புதுப் பணத்துக்குக் கை தூக்கும் ஒவ்வொரு முறையும் உறுப்பினர் அந்தத் தெரியாமைக்குத் தன் ஒப்புதலைத் தருகிறார்.

கணக்குச் சொல்லும் இந்தக் கடமை யாருக்கு என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. வரி செலுத்துவோருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். வருமான வரிப் படிவம் நிரப்புபவரே வரி செலுத்துபவர் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. செல்போனுக்கு ரீசார்ஜ் செய்யும் கட்டடத் தொழிலாளி ஜிஎஸ்டி கட்டுகிறார். மொபெட்டுக்குப் பெட்ரோல் போடும் மீன் வியாபாரி மதிப்புக் கூட்டு வரி கட்டுகிறார். தங்கள் வருமானத்தில் எத்தனை பங்கு என்று பார்த்தால், வசதியானவர் சோப்புக்குக் கட்டும் வரியைவிட இவர்கள் கட்டும் வரி பாரமானது.

பிகார் விஷயத்தில் கேள்வி இன்னும் சிக்கலாகிறது. அந்த மாநிலத்தின் வருவாயில் பெரும்பகுதி மத்திய அரசின் வழியாக வருவது. பதினைந்தாம் நிதிக் குழு, மத்திய வரிகளில் மாநிலங்களுக்குப் பிரித்துத் தரும் தொகையில் பிகாருக்கு 10.058 விழுக்காடும் தமிழகத்துக்கு 4.079 விழுக்காடும் வைத்தது. திருப்பூரிலும் சென்னையிலும் வசூலான வரியின் ஒரு பங்கு பாட்னா வழியாகச் செலவாகிறது. இதை வைத்துத் தென்னாட்டில் எழும் கோபத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு, நிறைய அவசரமும் உண்டு. சாய்பாசாவில் சூறையாடப்பட்டது திருப்பூர்க்காரரின் பணம் மட்டுமா? மேற்கு சிங்பூம் பழங்குடி மக்கள் மிகுந்த மாவட்டம், இப்போது ஜார்கண்டில் இருக்கிறது. ஏழைக் குடும்பங்களின் மாட்டுக்கும் மருந்துக்கும் தீவனத்துக்கும் என்று எழுதிய பணம் அது. அந்த வீட்டுக்கு மாடு வரவில்லை. அந்த வீட்டுக்காரரும் தான் வாங்கும் எத்தனையோ பொருளின் விலைக்குள் வரி கட்டியவர்தான். ஒருவேளை ஒரு ரூபாய்கூடக் கட்டாதவராக இருந்தாலும், அவர் பெயரைச் சொல்லி எடுத்த பணத்துக்கு முதல் கணக்கு அவருக்கே சேர வேண்டும். கொடுத்தவருக்கு மட்டுமே பதில் என்றால், அதிகம் கொடுத்தவருக்கு அதிகப் பதில் என்று அது போய் முடியும். சட்டமன்ற உறுப்பினர் பங்குதாரர் கூட்டத்தின் இயக்குநர் அல்ல.

ஆக, பார்க்காமல் விட்டவர் செய்தது தவறுதான், திருடியவரின் தவறில் ஒரு துண்டு என்று அதைக் குறுக்கவும் முடியாது. திருட்டே நடக்காத ஆண்டிலும் அது தவறாகவே இருக்கும். கேட்கும் உரிமை மக்களிடமிருந்து ஒருவருக்கு முழுதாக ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. சாய்பாசாவில் இருக்கும் ஒரு பெண் கருவூலத்துக்குள் போய்ப் பேரேட்டைப் பார்க்க முடியாது, தனக்காகப் பார்க்க ஒருவரை அனுப்பியிருக்கிறார். அனுப்பப்பட்டவர் பார்க்காவிட்டால், வேறு யாரும் பார்க்க முடியாதபடி அந்த இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் ஆகும்.

தனிமனித மனச்சாட்சியை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை, வழிகள் இருக்கின்றன. கேரளச் சட்டமன்றம் 1980 முதல் துறைவாரியான பொருட்குழுக்களை வைத்து மானியக் கோரிக்கைகளை அவையில் வாக்கெடுப்புக்கு வரும் முன்பே ஆராய்கிறது. அந்தந்தத் துறை அமைச்சரே குழுத் தலைவராக இருப்பது அதன் பெரிய குறை, இருந்தாலும் கோரிக்கைப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டும் ஒரு மேசையாவது அங்கே இருக்கிறது. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சி உறுப்பினரைத் தலைவராக்கும் மரபு 1967இல் தொடங்கியது. மாநிலங்களில் அந்த மரபு வளைகிறது, சில இடங்களில் கூட்டணிக் கட்சிக்காரரிடம் அந்தப் பொறுப்பு போகிறது. தணிக்கை அறிக்கையை ஆளுநர் சட்டமன்றத்தின் முன் வைக்கச் செய்ய வேண்டும் என்று 151ஆம் பிரிவு சொல்கிறதே தவிர, எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் அறிக்கைகள் மாதக்கணக்கில் உறங்கி, கூட்டத்தொடரின் கடைசி நாள் மேசைக்கு வருகின்றன. மறுநாள் அவை இல்லை, விவாதமும் இல்லை. காலக்கெடு ஒன்றைச் சட்டத்தில் எழுதுவதற்குப் பணம் செலவாகாது.

பொதுக் கணக்குக் குழு என்ற ஏற்பாட்டை 1861இல் தொடங்கிய பிரிட்டனில் இன்று அந்தக் குழுவின் விசாரணைகளை யாரும் தொலைக்காட்சியில் பார்க்கலாம். துறைச் செயலர் திணறுவதும் தெரியும், உறுப்பினர் படிக்காமல் வந்திருப்பதும் தெரியும். இந்தியாவில் நாடாளுமன்றத்திலும் மாநிலங்களிலும் அது மூடிய கதவுக்குள் நடக்கிறது. மூடி வைப்பதற்குச் சொல்லப்படும் காரணம், கட்சி வேஷம் இல்லாமல் பேசலாம் என்பது. பாட்னாவில் அந்தக் கதவு என்னென்னவற்றை மறைத்தது என்று தெரிந்த பிறகும் அந்தக் காரணத்தை அப்படியே ஏற்பது கடினம். 2025 நவம்பரில் பிகாருக்குப் புதிய சட்டமன்றம் வந்திருக்கிறது. 2016-17 வரையிலான 14,452 கோடியை ஒதுக்கியபோது அதன் உறுப்பினர்களில் பலர் அவையிலேயே இல்லை, அதனால் யாருடைய முகத்தையும் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. அந்தப் பழைய நிலுவையைப் பஞ்சாயத்து ராஜ் துறையிலிருந்து தொடங்கி, மாவட்டம் மாவட்டமாக, நிருபர்களும் அந்த மாவட்டத்து மக்களும் உட்கார்ந்து கேட்கும் ஓர் அறையில் அவர்கள் விசாரிக்கலாம். சட்டமன்ற விதிகளில் தேவைப்படும் திருத்தத்தை ஒரே கூட்டத்தொடரில் செய்து முடிக்கலாம்.